பல்லுடைய பெருமீனை விடுவிக்கும் முறை

ஜொகூர் மாநிலத்தில் தூண்டிற்கோலைத் தோளில் சுமந்து திரிகிறவர், மெர்சிங் துறையிலிருந்து படகேறித் தீவுகளின் பக்கம் போகிறவராயினும், கோத்தா திங்கி, குளுவாங் வட்டாரங்களில் ஆற்றோரத்திலும் செம்பனைத் தோட்டங்களுக்கிடையே கிடக்கும் குளங்களிலும் காலை வேளையைக் கழிக்கிறவராயினும், வாய் நிறையக் கூரிய பற்களையுடைய ஒரு பெருமீனை என்றாவது ஒரு நாள் தம் காலடியில் கொண்டுவந்து சேர்ப்பது உறுதி. அதைக் குழம்புக்கு எடுத்துப் போவதானால் காரியம் எளிது. தலையில் ஓர் அடியோடு முடிந்துவிடும். அது மறுபடியும் நீந்தி, இரை தேடி, இனம் பெருக்கத்தக்க ஆரோக்கியத்தோடு ஜலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நினைக்கிறவருக்கோ, மீனின் சரீரத்தைப் பற்றிய அறிவும், கைப்பழக்கமும், முன்னேற்பாடும் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் முன்னேற்பாடே முதன்மையானது என்பது என் கருத்து. கரையிலே கிடந்து துள்ளும் மீனை எதிரே வைத்துக்கொண்டு குறட்டைத் தேடுகிற கணத்தில் அதன் விதி பெரும்பாலும் முடிவாகிவிட்டிருக்கும். வீட்டில் முந்தின இரவு எந்தத் தூண்டில் முள்ளைத் தேர்ந்தெடுத்தோம் என்பதிலேயே அதன் ஜீவன் தொங்குகிறது.

இவ்வத்தியாயத்தின் பெரும்பகுதியைத் தோமானுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நம்மவர்கள் நன்கறிந்த விராலின் குலத்தைச் சேர்ந்தது இம்மீன். 1 மீட்டருக்கு மேல் நீளமும் 20 கிலோ வரை எடையும் எட்டக்கூடிய, அக்குலத்தின் மிகப் பெரிய உறுப்பினர்களுள் ஒன்று. இதன் நெருங்கிய உறவு இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. 1865இல் பிரான்சிஸ் டே விவரித்த அந்தக் கேரள மீன் நெடுங்காலம் தோமானே என்று கருதப்பட்டுப் பின்னர் 2011இல்தான் தனி இனம் என்று ஆராய்ச்சியாளரால் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. நம் தோட்டப்புறங்களில் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் சமைத்துக் கொடுக்கும் சிறு விராலின் வாயைப் பார்த்துப் பழகியவர்கள், தோமானின் வாயையும் அப்படியே எண்ணிக்கொண்டு விரலை நீட்டுவதால்தான் பல விபத்துகள் நேருகின்றன. தாடையின் ஓரத்தில் மட்டுமல்லாமல் மேலண்ணத்திலும் இதற்குப் பற்கள் உண்டு. கீழ்த்தாடையில் கோரைப்பற்களைப் போல நீண்டு நிற்பவை இரையைத் துளைத்துப் பிடிக்கவே அமைந்தவை. வாயை மூடும் தசைகளின் வலிமையோ, ஒரு சிறு தோமான்கூடப் போலி இரையான ரப்பர் தவளையின் உடலைக் கிழித்து எறிவதைக் கண்டவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

பல்லைவிட அபாயமான ஒரு குணமும் இதற்கு உண்டு. கரைக்கு வந்தபின் தோமான் சிறிது நேரம் அசைவற்றுக் கிடக்கும். அதைக் களைப்பு என்றும் சரணாகதி என்றும் எண்ணிக் குனிந்த கணத்தில், தன் முழு உடலையும் சுருட்டிப் பம்பரம்போல் சுழலும். வாயில் முக்கொக்கி தொங்கிக்கொண்டிருக்கும்போது அப்படிச் சுழன்றால், ஒரு கொக்கி மீனின் தாடையிலும் மற்றொன்று பிடித்தவரின் உள்ளங்கையிலுமாக இரண்டு உயிர்கள் ஒரே இரும்பில் பிணைந்துபோகும். இந்த மீன்களைக் கையாளும்போது கண் எப்போதும் கொக்கியின் மீது இருக்க வேண்டும். பல் கடிக்கும் காயம் பெரும்பாலும் மேலோட்டமானது, கொக்கி ஏறும் காயம் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோவது.

இதற்கெல்லாம் மேலாக, தோமானுக்கு அதன் வலிமையே பகையாய் முடிகிறது. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் அறை ஒன்று அமைந்திருப்பதால், மற்ற மீன்கள் மூச்சடைத்துச் சாகும் நேரத்தையும் கடந்து இது கரையில் உயிரோடு கிடக்கிறது; கிடப்பதைக் கண்டவர்கள், இதற்கு ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டி, சூடேறிய செம்மண்ணில் போட்டுவைத்துப் படம் எடுப்பதும், தாடையில் கருவியை மாட்டிச் செங்குத்தாகத் தூக்கி நிறுப்பதும், நண்பர் வந்து பார்க்கும்வரை காத்திருப்பதுமாகக் காலத்தைப் போக்குகிறார்கள். உயிரோடு இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான கோழைப் படலம், நீரிலுள்ள பூஞ்சைக்கும் கிருமிகளுக்கும் எதிராக மீனுக்கு வாய்த்த முதல் அரண். காய்ந்த தரையும், உலர்ந்த துணியும், கோணிப்பையும் அதைச் சுரண்டி எடுத்துவிடுகின்றன. அப்படிச் சுரண்டப்பட்ட மீன் நம் கண்முன் கம்பீரமாக நீந்திப் போய், நாம் வீடு திரும்பிய பல நாட்களுக்குப் பிறகு, யாரும் பாராத ஓரிடத்தில் புண் பற்றிச் சாகக்கூடும்.

இனி முன்னேற்பாட்டைச் சொல்கிறேன். தூண்டில் முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கொளுவியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். நூலைத் தளரவிடாமல் இழுக்கத் தெரிந்தவருக்கு அதனால் மீன் தப்பிப்போவது அதிகம் நேர்வதில்லை, கழற்றும் வேலையோ பாதியாகக் குறைந்துவிடும். தம் கையில் கொக்கி ஏறிக்கொண்டவர் இந்த ஆலோசனையின் அருமையை இன்னும் நன்றாக உணர்வார். தகட்டிலும் மரத்திலும் செய்த போலி இரைகளோடு கடையில் வரும் முக்கொக்கிகளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளைப் பூட்டுவது அடுத்த சீர்திருத்தம். துருப்பிடிக்காத எஃகு முள்ளைத் தவிர்க்க வேண்டும். ஏனென்பதைப் பின்னால் சொல்கிறேன். இரைக்கும் நூலுக்கும் இடையே ஒரு சாண் அளவாவது மெல்லிய எஃகுக் கம்பி இருக்கட்டும். பல்லில் உராய்ந்து நூல் அறுந்தால், போலி இரை முழுவதையும் வாயில் சுமந்துகொண்டு போகும் அந்த மீன், எந்த விடுவிப்பும் எட்டாத நிலைக்குப் போய்விடுகிறது. மெல்லிய நூலில் பெருமீனை நெடுநேரம் அலைக்கழிப்பதைச் சாமர்த்தியமாகப் பாராட்டுவோர் உண்டு, நான் பாராட்டுவதில்லை. தடித்த நூலால் சீக்கிரம் கரை சேர்க்கப்பட்ட மீனின் தசைகளில் களைப்பின் அமிலம் குறைவாகவே தேங்கும். அது மீளுவதும் விரைவாயிருக்கும்.

கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய உபகரணங்கள் சிலவே. குறைந்தது ஒரு முழு விரல் நீளமாவது மூக்கு நீண்ட குறடு ஒன்று. தடித்த முள்ளையும் ஒரே அழுத்தில் துண்டிக்கும் கம்பிவெட்டி ஒன்று. முடிச்சில்லாத ரப்பர்க் கண்களுடைய கைவலை ஒன்று. நனைத்து விரிப்பதற்கு வழவழப்பான கித்தானோ ரப்பர் விரிப்போ ஒன்று. நூல்வலையில் பல்லும் முள்ளும் சிக்கிக்கொண்டால் மீனையும் வலையையும் பிரிப்பதற்குள் நேரம் போய்விடும். வலைக்கண்ணின் முடிச்சுகள் துடுப்பையும் கிழிக்கும். வாயை விரித்து நிறுத்தும் வில் போன்ற கம்பிக் கருவியைச் சிலர் கொண்டுவருகிறார்கள். அதன் முனைகளில் ரப்பர் உறை இல்லாவிட்டால் அண்ணத்தைத் துளைத்துவிடும் என்பதால், உறையிட்டே பயன்படுத்த வேண்டும்.

மீன் களைத்துப் பக்கவாட்டில் சாயும்போது வலையை முன்னரே நீருக்குள் அமிழ்த்தி வைத்திருந்து, தலை முன்னாகச் செல்லும்படி அதன்மேல் இழுத்து, வலையை உயர்த்துங்கள். வலையைக் கொண்டு மீனைத் துரத்தக் கூடாது. கூடுமானால் மீன் வலைக்குள் நீரிலேயே இருக்கும்போது முள்ளைக் கழற்றிவிடுவதே உத்தமம். கரை செங்குத்தாகவோ சேறாகவோ இருந்து அதற்கு இடமில்லாதபோது, வலையோடு தூக்கி நனைந்த விரிப்பின்மேல் கிடத்தி, நனைத்த கையை, அல்லது ரப்பர் பூசிய நனைந்த கையுறையை, செவுள் மூடிக்குப் பின்னால் கழுத்தின்மேல் வைத்து அழுத்தமாக, ஆனால் நசுக்காமல் பிடியுங்கள். ஒருவர் துணை இருந்தால் அவர் வாற்பகுதியைத் தாங்கட்டும். "அண்ணே, பிடிச்சிட்டேன்" என்று துணைவர் சொன்ன பிறகே குறடு வாய்க்குள் போக வேண்டும் என்று முன்னரே பேசி வைத்துக்கொள்வது நல்லது. கண்ணின்மேல் ஓர் ஈரத்துணியைப் போர்த்தினால் பல மீன்கள் அமைதியடையும்.

உதட்டைப் பற்றும் குறட்டுக் கருவியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தலையைக் கட்டுப்படுத்துவதற்கு அது நல்ல சாதனம். எடையைத் தாங்குவதற்கு அன்று. நீரில் மிதந்தபடியே வாழ்நாள் முழுதும் இருக்கும் உடலை ஒரு தாடையில் தொங்கவிட்டால், கீழ்த்தாடையின் மெல்லிய சவ்வு கிழிவதோடு முதுகெலும்பின் இணைப்புகளும் இழுபடுகின்றன. தோமான் சுழலும் வேகத்தில் இச்சேதம் இரட்டிப்பாகும். எடை தெரிந்தே ஆகவேண்டுமானால், வலையோடு நிறுத்து வலையின் எடையைப் பிறகு கழித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் பைக் என்னும் பல்மீனைப் பிடித்து விடுவோர், செவுள் மூடியின் அடியில் விரல்களைச் செலுத்தித் தாடையெலும்பைப் பற்றும் ஒரு பிடியைக் கற்பிக்கிறார்கள். அந்நாட்டில் அது பயனுடையதே. தோமானின் சுழற்சிக்கும் அதன் செவுளருகே அமைந்த காற்றறைக்கும் முன்னால் அதே பிடியைப் பிரயோகிப்பதை நான் ஒப்புவதில்லை.

முள்ளைக் கழற்றுகையில், அது சென்ற வழியை முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டைப் பிடித்து இழுப்பது பயனற்றது. வளைவின் அடிப்பகுதியைக் குறட்டால் இறுகப் பற்றி, நுழைந்த திசைக்கு நேர் எதிராகத் திருப்பித் தள்ளினால், நசுக்கிய முள் எளிதில் நழுவி வெளியே வரும். ரப்பர் தவளையின் இரட்டை முள் மேல்நோக்கி நிற்பதால் பெரும்பாலும் அண்ணத்திலோ மேல்தாடையின் மூலையிலோ ஏறுகிறது. ஆகவே மீனைச் சற்றே பக்கம் சாய்த்து, தவளையின் உடலை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு முள்ளாகக் கழற்றலாம். முக்கொக்கியானால் ஏறாத முனைகளை முதலிலேயே கம்பிவெட்டியால் துண்டித்துவிடுங்கள். ஒரு கொக்கியின் விலையை நினைத்து விரலைப் பணயம் வைப்பவருக்கு இந்நூல் உதவாது.

முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தால் என்ன செய்வது? இங்கேதான் நல்லெண்ணமுடையவர்களும் பெருந்தீங்கு செய்கிறார்கள். எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் குறட்டை உள்ளே செலுத்திக் கிளறினால், இரத்தம் நிறைந்த செவுள் இழைகளும், அவற்றின் பின்னே மிக அருகில் இருக்கும் இருதயமும் சிதைகின்றன. பல வகை மீன்களிலும் செய்த ஆராய்ச்சிகள் ஒருமுகமாகக் காட்டுவது, ஆழச் சென்ற முள்ளைப் பிடுங்குவதைவிட நூலை முள்ளுக்கு எட்டிய மட்டும் அருகில் வெட்டிவிட்டு விடுவதால் அதிக மீன்கள் பிழைக்கின்றன என்பதாகும். சாதாரண இரும்பு முள் நாளடைவில் துருவேறி நொறுங்கவோ, உடலால் வெளித்தள்ளப்படவோ வழியுண்டு. துருப்பிடிக்காத எஃகுக்கு அந்த வழி மிகக் குறைவு. முன்னே அதை வேண்டாமென்று சொன்னதற்குக் காரணம் இதுவே. செவுளிலிருந்து இரத்தம் ஒழுகும் மீனை, சட்டம் இடம் கொடுக்குமானால், வீட்டுக்கு எடுத்துப் போவதே நேர்மை. சாகப்போவதை நீரில் போட்டுவிட்டு விடுவித்தோம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதில் அர்த்தமில்லை.

விடும்போது தோமானை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிச் செவுளில் நீர் புகுத்தும் பழக்கத்தைப் பலரிடம் காண்கிறோம். பின்னோக்கி இழுக்கும்போது நீர் செவுளின் வழியே தலைகீழாகப் பாய்வதால் எந்த மீனுக்குமே அது நன்மையன்று. தோமானுக்கோ அதன் முதல் தேவையே வேறு. அதன் சுவாசத்தில் பெரும்பங்கு மேற்பரப்பில் கவ்வும் காற்றைச் சார்ந்தது. களைத்த தோமானை நீருக்கடியில் அழுத்திப் பிடித்தாலும், வாய் எட்டாத ஆழத்தில் வலைக்குள் கட்டிவைத்தாலும் அது மூச்சுத் திணறும். ஆழமற்ற அமைதியான நீரில் வயிற்றைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்து, தலை மேற்பரப்புக்கு எட்டும்படி வைத்திருங்கள். அது ஒருமுறை காற்றைக் கவ்வி, தன் வாலால் உங்கள் கையைத் தள்ளும்போது விட்டுவிடுங்கள். படம் வேண்டுமானால், கமெரா தயாராயிருக்க, விரிப்பின்மேல் தாழ்வாக இரு கையாலும் தாங்கி, நீங்கள் ஒரு மூச்சை அடக்கிக்கொள்ளும் நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

காற்றைச் சுவாசிக்காத மீன்களுக்கு நம் நாட்டு வெப்பம் இன்னும் கடுமையானது. 10 பாகை வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவு பிராணவாயுவை ஏந்தக்கூடும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. எண்டாவ் போன்ற ஆறுகளில் வாழும் தாப்பா என்னும் பெருவாளையைக் குளிர்நாட்டு நூல்களின் கணக்கில் கையாளக் கூடாது என்பதற்கு இதுவே ஆதாரம். விடியற்காலையே தக்க வேளை. உச்சிப்பொழுதில் கோலை மடக்கிவிடலாம். நீடித்த வறட்சியில், 2016 அக்டோபரில் ஜொகூரின் லிங்கியூ நீர்த்தேக்கம் தன் கொள்ளளவில் 20 சதவிகிதமாக வற்றியதே, அத்தகைய காலங்களில், சுருங்கிய சூடான நீரில் நெருங்கிக் கிடக்கும் மீன்களைத் தொந்தரவு செய்யாதிருப்பதே பண்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேச விரும்புகிறேன். குளத்தின் மேற்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக எழுந்து காற்றைக் கவ்வி மறைவதைக் கண்டால், அதன் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன என்று அறியலாம். அத்திரளின் நடுவே தவளையை எறிந்தால், பசியால் அல்லாமல் குஞ்சுகளைக் காக்கும் வெறியால் பெற்றோர் பாய்ந்து கவ்வும். ஆகையால் பலருக்கு அது எளிய வேட்டையாகத் தோன்றுகிறது. பெற்றோர் கரையில் கிடக்கும் அந்தச் சில நிமிஷங்களில் சுற்றியுள்ள மீன்கள் குஞ்சுத் திரளைச் சூறையாடும். எவ்வளவு திறமையாக விடுவித்தாலும் அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய இயலாது. குஞ்சுத் திரளைக் கண்டவிடத்தில் தூண்டிலைப் போடாதீர்கள்; தெரியாமல் மாட்டிக்கொண்டால், படமும் எடையும் வேண்டாம், பிடித்த இடத்திலேயே உடனே விடுங்கள். வேற்று நாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பீகாக் பாஸ் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை எதுவும் பொருந்தாது. அவற்றைத் திரும்ப விடாமலிருப்பதே நம் ஆறுகளுக்கு உபகாரம்.

கடலின் முறை வேறு. மெர்சிங் கடலில் அகப்படும் தெங்கிரி, அதாவது தமிழ்நாட்டார் வஞ்சிரம் என்பது, ஓயாமல் முன்னோக்கி நீந்துவதனாலேயே செவுளில் நீரைப் பாய்ச்சிச் சுவாசிப்பது. படகின் தளத்தில் அது கிடக்கும் ஒவ்வொரு கணமும் அதன் மூச்சு நிற்கும் கணம். பற்களோ கத்தரிக்கோலின் அலகுகளைப் போல் சந்திப்பவை. உரசினாலே சதை பிளக்கும். ஆகவே விடுவதென்றால் படகுக்குள் ஏற்றவே கூடாது. துணைவர் கையுறையோடு கம்பியைப் பிடிக்கட்டும். ஆனால் கம்பியைக் கையில் ஒருபோதும் சுற்றக் கூடாது, மீன் திடீரென்று ஆழ்ந்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நீண்ட பிடியும் வளைந்த நுனியும் உடைய கழற்றுகோலைக் கம்பியின்மேல் வழுக்கவிட்டு, முள்ளின் வளைவில் மாட்டி, கம்பியைத் தாழ்த்திக் கோலை உயர்த்தினால் மீன் தன் எடையாலேயே கழன்று விழும். களைத்திருந்தால் படகோட்டியான தெக்கோங்கிடம் சொல்லிப் படகை மெதுவாக முன்னே செலுத்தச் செய்து, வாலடியைப் பற்றி, எதிர்நீர் வாயில் புகும்படி சிறிது தூரம் கொண்டுபோய் விடலாம். சீலாவுக்கும் இதே முறைதான். ஜொகூர் நீரிணையின் சேற்றுப் பகுதிகளில் இரவில் மாட்டும் மாலோங் என்னும் விலாங்கு, நூலில் தன்னையே முறுக்கிக்கொண்டு எட்டிக் கடிக்கும் இயல்புடையது; அதனிடம் குறட்டை நீட்டாமல் நூலை அறுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

ராவா, பெசார், திங்கி, சிபு, பெமங்கில், அவுர் முதலிய ஜொகூர்த் தீவுகளைச் சுற்றிலும் 2 கடல் மைலுக்குள் உள்ள நீர், 1994ஆம் ஆண்டின் அரசாணைப்படி கடற்பூங்காவாகும். அங்கே பிடித்து விடுகிறோம் என்று சொல்வதும் சமாதானமாகாது, மீன்பிடித்தலே விலக்கு. நன்னீர் அணைகளிலும் அனுமதியை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாகக் காயத்தைப் பற்றி. பல் பட்ட இடத்தைக் குளத்து நீரில் கழுவாமல், கொண்டுவந்த குடிநீரால் தாராளமாகக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிஷமாவது இடைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நின்றபின் சவர்க்காரமிட்டு மறுபடி கழுவிக் கட்டுங்கள். கண், மூட்டு, கழுத்து இவற்றருகே முள் ஏறியிருந்தால் நீங்களாக எடுக்க முயலாமல், நூலை அறுத்து, முள்ளை அசையாதபடி துணியால் நிலைப்படுத்தி, ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வழியில்லாத இடமானால் 999ஐ அழையுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி காலாவதியாகவில்லையா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமி மெலியோய்டோசிஸ் என்னும் கடும் நோயை உண்டாக்குகிறது. 1912இல் ரங்கூனிலிருந்து விட்மோர், கிருஷ்ணசுவாமி என்னும் இரு மருத்துவர்கள் முதன்முதலில் எழுதி வெளியிட்ட அந்நோய், சிறு கீறலின் வழியே நுழையவல்லது, நீரிழிவு உள்ளவரைக் குறிப்பாகப் பற்றுவது. காயம்பட்ட பின் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ, இருமலோ, ஆறாத புண்ணோ தோன்றினால், மருத்துவரிடம் சர்க்கரை நோய் இருந்தால் அதையும், குளத்து நீரில் மீனைக் கையாண்டபோது காயம் ஏற்பட்டதையும் அவர் கேட்குமுன்னரே சொல்லிவிடுங்கள். எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்பதை அவ்விரு செய்திகளே அவருக்குக் காட்டும்.